நாலு ஊர்ல இருந்து நாலு பேர், ஒரு சினிமா பாட்காஸ்ட்: தொடங்குறதுக்கு முன்னாடி என்ன பேசி முடிவு பண்ணணும்?

கடைசிவரிசை:

வணக்கம். நாங்க நாலு பேர். காலேஜ்ல ஒண்ணா படம் பார்த்தவங்க. படம் முடிஞ்சு வெளிய வந்து பேச ஆரம்பிச்சா, கேட்டைப் பூட்ட ஆள் வர்ற வரைக்கும் நின்னுட்டே பேசுவோம். இப்போ ஆளுக்கொரு ஊர்ல வேலை. அந்தப் பேச்சு நின்னே போச்சு. அதைத் திரும்பப் பிடிக்கணும்னுதான் இந்த பாட்காஸ்ட் ஆசை.

போன ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல ஒரு ஒத்திகை பார்த்தோம். 1 மணி 50 நிமிஷம். மறுநாள் வேலைக்குப் போற வழியில போட்டுக் கேட்டேன். முதல் 35 நிமிஷம் கதையை மட்டும்தான் சொல்லிட்டிருக்கோம். ரெண்டு பேரோட குரலை எனக்கே பிரிச்சுச் சொல்ல முடியல, புதுசா கேக்கிறவங்க என்ன பண்ணுவாங்க? ஒருத்தன் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு.

என்னை ரொம்ப உறுத்துறது வேற. எங்க தோழி அந்த ரெண்டு மணி நேரத்துல ஆறே தடவைதான் பேசியிருக்கா. அதுல ஒரு தடவை, "படத்துல அந்த அம்மா ஒரு ஷாட்ல கூட உக்காரல, கவனிச்சீங்களா?"ன்னு கேக்கிறா. நாங்க மூணு பேரும் அது காதுல விழாத மாதிரி அடுத்த விஷயத்துக்குப் போயிட்டோம். ரெண்டு நாளா எனக்கு மனசுல ஓடுறது அந்த ஒரு கேள்விதான். படம் பிடிச்சிருந்ததான்னு நாங்க கத்திக் கத்திப் பேசினது எதுவும் நினைவுல இல்ல.

ஏற்கெனவே பாட்காஸ்ட் பண்ணவங்க சொல்லுங்க. மைக், பேசுற முறை, வேலையைப் பிரிக்கிறது, எதுல இருந்து தொடங்கணும்?

ஒத்தமைக்:

கிணத்துக்குள்ள இருக்கிற நண்பரை முதல்ல வெளிய எடுப்போம். மைக் கெட்டுப்போயிருக்க வாய்ப்பு கம்மி. வெறும் சுவரும் வழவழ தரையும் உள்ள ரூம்ல, மைக்கை விட்டுத் தள்ளி உக்காந்திருப்பார். துணி அலமாரியைத் திறந்து வச்சு, துணியைப் பார்த்துப் பேசச் சொல்லுங்க. எதிரொலி பாதி அடங்கிடும். வாய்க்கும் மைக்குக்கும் நடுவுல அஞ்சாறு விரக்கடை போதும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டுல வைங்க, இல்லேன்னா ஒவ்வொரு "ப"வுக்கும் காத்து மைக்குல மோதும்.

வீடியோ கால்ல வர்ற சத்தத்தை மட்டும் நம்பாதீங்க. கால் ஆப் எல்லாம் நெட் வேகத்துக்கு ஏத்தபடி குரலைச் சுருக்கித்தான் அனுப்பும். ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேசினா ஒருத்தரை அமுக்கிடும். குரல் பிரியாததுக்கு அதுவும் ஒரு காரணம். கால் ஒரு கருவியில ஓடட்டும். அவங்கவங்க குரலை அவங்கவங்க இன்னொரு கருவியில பதிவு பண்ணுங்க. 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ (ஒரே சேனல்) வேவ் ஃபைல்னா (சுருக்காத ஒலி ஃபைல்) மணிக்கு சுமார் 345 எம்பி வரும், அவ்வளவுதான். சத்தமாச் சிரிக்கும்போது கூட, ஒலியளவைக் காட்டுற மீட்டர் மைனஸ் 6 டெசிபெல்லைத் தாண்டாம வச்சுக்கங்க. ஹெட்போன் கட்டாயம்.

அப்புறம் ஆடாசிட்டி மாதிரி இலவச மென்பொருள்ல, கால் ரெக்கார்டிங்கை வழிகாட்டியா அடியில போட்டு, நாலு பேரோட ட்ராக்கையும் (தனித்தனிப் பதிவு) அதோட பொருத்துங்க. தொடக்கத்துல சரியா பொருந்தினது கடைசியில கொஞ்சம் விலகியிருக்கும், ஏன்னா ஒவ்வொரு கருவியோட கடிகாரமும் துளி வித்தியாசமா ஓடும். முடிவையும் ஒரு தடவை சரிபாருங்க. வெளியிடும்போது மொத்த ஒலியளவு மைனஸ் 16 எல்யுஎஃப்எஸ் (காதுக்கு எவ்வளவு சத்தமா கேக்குதுன்னு அளக்கிற அலகு) பக்கத்துல இருக்கட்டும். ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் சொல்ற அளவு அது.

இடைவேளை:

நாங்க மூணு பேர் 61 எபிசோட் போட்டு நிறுத்தினோம். சத்தமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. எடிட்டிங் யாரோட வேலைன்னு நாங்க ஒரு நாளும் பேசல. எனக்குத் தெரியுமேன்னு முதல் எபிசோடை நான் பண்ணேன், அதோட அது என் தலையில நின்னுடுச்சு. 1 மணி நேரப் பேச்சைச் சரி பண்ண எனக்கு 5 மணி நேரம் ஆகும். ஒன்றரை வருஷம் ஒண்ணும் சொல்லாம பண்ணிட்டு, ஒரு நாள் ரொம்ப மோசமா கோபப்பட்டேன். அவங்க ரெண்டு பேருக்கும் அதுவரைக்கும் எனக்குக் கஷ்டமா இருக்குன்னே தெரியாது. தப்பு என் மேலயும்தான். நாலு பேரும் எடிட்டிங் கத்துக்கங்க, முறை வச்சுப் பண்ணுங்க. வாரம் ஒண்ணுன்னு வாக்குக் குடுக்காதீங்க. முதல்ல ஆறு எபிசோட்னு வச்சுக்கங்க, முடிஞ்சதும் தொடரலாமான்னு உக்காந்து பேசுங்க.

ஹோஸ்டிங் கணக்கை (எபிசோட் ஃபைல்களை ஏத்தி வைக்கிற இணைய சேவை) நாலு பேருக்கும் பொதுவான மெயில்ல திறங்க. ஆர்எஸ்எஸ் ஃபீட் (புது எபிசோடை பாட்காஸ்ட் ஆப்களுக்குக் கொண்டுபோற இணைப்பு) ஒருத்தரோட சொந்த மெயில்ல இருந்து, அவர் விலகிட்டா, சேர்ந்த நேயர்களைப் புது இடத்துக்குக் கூட்டிட்டுப் போறது பெரும்பாடு.

இனி பேச்சு. சிகாகோவுல போட்டிப் பத்திரிகைகள்ல சினிமா விமர்சனம் எழுதிட்டிருந்த ஜீன் சிஸ்கலையும் ராஜர் ஈபர்ட்டையும் 1975ல ஒரு டிவி நிகழ்ச்சியில ஜோடி சேர்த்தாங்க. 1999ல சிஸ்கல் இறக்கிற வரைக்கும் அந்த ஜோடி நிலைச்சுது. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் முழுசா கேட்டு, அப்புறம் மறுத்தாங்க. உங்க ஒத்திகையில இல்லாதது அந்தக் கேக்கிறதுதான்னு நினைக்கிறேன். கதைச் சுருக்கத்தை ஒருத்தர் எழுதி வச்சு 90 விநாடியில படிக்கட்டும். படத்தோட முடிவைப் பத்திப் பேசப் போறோம்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. ஒருத்தரை ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, முதல் பத்து நிமிஷத்துல குரல் பிடிபட்டுடும். எபிசோடுக்கு ஒரே ஒரு கேள்வி. உங்க தோழி ஏற்கெனவே கேட்டுட்டாங்க, அந்த அம்மா ஏன் உக்காரல? முதல் எபிசோடை அவங்க தொடங்கட்டும்.

திரைவெளிச்சம்:

ஒரே ஒரு விஷயம். படத்துல இருந்து 30 விநாடி வரைக்கும் எடுத்துப் போடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. அமெரிக்கச் சட்டத்துல அப்படி விநாடிக் கணக்கு கிடையாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957ல 52வது பிரிவு விமர்சனத்துக்காக நியாயமா எடுத்தாள அனுமதிக்குது, அதுலயும் விநாடிக் கணக்கு இல்ல. வசனத்தை நீங்களே சொல்லிக் காட்டுங்க, தொடக்க இசையை நீங்களே உருவாக்குங்க. படப் பாட்டு வேண்டாம்.

கடைசிவரிசை:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மறுபடியும் பதிவு பண்ணோம். 44 நிமிஷம்.

எங்க தோழியையே தொடங்கச் சொன்னோம். படத்தைத் திரும்பப் பார்த்து, அந்த அம்மா வர்ற காட்சி எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதி வச்சிருந்தா. எல்லாத்துலயும் நின்னுட்டே இருக்காங்க. அடுப்புகிட்ட, வாசல்ல, மகன் சாப்பிடும்போது பக்கத்துல. ஆஸ்பத்திரிக் காட்சியில பக்கத்துலயே காலி நாற்காலி இருக்கு, அதுலயும் உக்காரல. எங்க யாருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரல. அப்புறம் கிணத்து நண்பன் (இப்போ குரல் தெளிவா இருக்கு, அலமாரிக்கு நன்றி) அவனோட அம்மாவைப் பத்திப் பேசினான். பதினோரு வருஷப் பழக்கத்துல அவன் அதைச் சொல்லி நான் கேட்டதே இல்ல.

எடிட்டிங் முதல் முறை என்னது. ஒத்தமைக், ஒரு சந்தேகம். நாங்க பேசாம இருந்த அந்த இடம் 7 விநாடி இருக்கு. வெட்டணும்னு ஒருத்தன் சொல்றான். எனக்கு மனசு வரல.

ஒத்தமைக்:

வெட்டாதீங்க. அந்த 7 விநாடியில உங்க தோழியோட ட்ராக்கை மட்டும் அப்படியே விடுங்க, மத்த மூணோட சத்தத்தையும் இறக்கிடுங்க. மொத்தத்தையும் சுத்தமா ஊமையாக்கினா ஃபைல் அறுந்துபோச்சுன்னு கேக்கிறவங்க போனை எடுத்துப் பார்ப்பாங்க. அவங்க ரூம் சத்தம் லேசா கேட்டுட்டே இருக்கட்டும். எபிசோட் வந்ததும் இங்க சொல்லுங்க.