மறு: 'பிளாட்ஃபார்ம் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி' – இரவற்கலம் எனலாமா?

அன்புள்ள நண்பர்களே,

கடற்பறவை, கடற்பாலூட்டிக் கணக்கெடுப்புக்கான களப்படிவத்தில் மற்ற ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் தமிழ் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 'பிளாட்ஃபார்ம் ஆஃப் ஆப்பர்ச்சூனிட்டி' என்ற இந்த ஒன்றுதான் இழுத்துக்கொண்டே போகிறது. ஆய்வுக்கென்று அமர்த்தாமல், வேறு வேலையாகப் போகிற ஃபெர்ரி (பயணிகள் கப்பல்), சரக்குக் கப்பல் போன்றவற்றில் நின்று எண்ணுகிறோமே, அந்த இடத்துக்கான பெயர். நேற்று வந்த மடலிலிருந்து தொடங்குகிறேன்.

> வாய்ப்புத்தளம் என்றே வைத்துவிடலாம். மூலத்துக்கு நேராக இருக்கிறது, யாருக்கும் புரியும்.

ஐயா, தவறாகப் புரிந்துவிடுமோ என்பதுதான் என் கவலை. புள்ளியியல் பாடத்தில் 'சமவாய்ப்பு' என்று ஒரு சொல் ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. சமவாய்ப்பு மாறி, சமவாய்ப்பு மாதிரி என்று பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறார்கள். அதே அறிக்கையில் 'வாய்ப்புத்தளத்தில் எடுத்த கணக்கு' என்று எழுதினால், தற்செயலாகத் தேர்ந்த கோடுகளில் எண்ணியது என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ஃபெர்ரியில் நடப்பது அதற்கு நேர் எதிர். அது எப்போதும் ஒரே தடத்தில்தான் போகும். அந்தத் தடத்தைக் கடல் ஆய்வாளர் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. இரண்டு துறைமுகங்களும் கால அட்டவணையும் தேர்ந்தெடுத்தன. பெயரே இதை மறைத்துவிட்டால், தடத்தில் கிடைத்த அடர்த்தியைக் கடல் முழுவதற்கும் பெருக்கிப் போடுகிற தவறு அங்கேயே தொடங்கிவிடும்.

'உடன்செல் கலம்' அழகான சொல். ஆனால் அது காவலுக்குக் கூடவரும் கப்பலைக் குறிப்பதுபோல் ஒலிக்கிறது. 'தொற்றுக்கலம்' என்று அக்கா சொன்னதும் எனக்கு முதலில் பிடித்தது. ஓடுகிற வண்டியில் தொற்றிக்கொள்கிறோம் அல்லவா, அந்தப் பொருள். இன்று 'தொற்று' என்றால் நோய் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

'இரவல்' எனக்கு எங்கே கிடைத்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒருமுறை மேல்தளத்தில் எண்ணிக்கொண்டிருந்தபோது, சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு நீர்மூச்சு எழுந்தது. உயரமாக, நேராக. பிறகு நீளமான கரிய முதுகு ஒன்று உருண்டு மறைந்தது. முதுகுத்துடுப்பின் வடிவம் தெரிந்தால் இனத்தைச் சொல்லிவிடலாம், தெரியவில்லை. பக்கத்தில் நின்ற புதிய தன்னார்வலர், "கப்பல் கொஞ்சம் அந்தப் பக்கம் போகாதா?" என்று கேட்டார். "போகாதுங்க, இரவல் கப்பல்தானே" என்று என்னை அறியாமல் வாயில் வந்தது. அவருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. படிவத்தில் 'இனம் தெரியாத பெரிய திமிங்கிலம்' என்று எழுதினோம்.

ஆய்வுக்கென்றே அமர்த்திய கப்பலானால் தடத்தைவிட்டு விலகி, கிட்டே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவரலாம். இங்கே அது கிடையாது. எண்ணெய்த்திமிங்கிலம் (ஸ்பெர்ம் வேல்) 45 நிமிடம் மூழ்கிக் கிடந்தால், 20 நாட் (மணிக்கு 20 கடல்மைல்) வேகத்தில் போகும் ஃபெர்ரி அதற்குள் 15 கடல்மைல் தாண்டிவிடும். அது மூழ்கியிருக்கும்போது கடந்துபோனால் கணக்கில் அது இல்லை. இரவில் கடக்கும் நீர்ப்பரப்பும் அப்படித்தான். அட்டவணை மாறாதவரை, கண்டத்திட்டின் விளிம்பை (கரையோர ஆழங்குறைந்த கடல் முடிந்து ஆழ்கடல் தொடங்கும் இடத்தை) ஒரு கப்பல் எப்போதும் இருட்டில்தான் கடக்கும் என்றால், அங்கே எத்தனை திமிங்கிலம் இருந்தாலும் நம் வரைபடத்தில் வெறுமையாகவே இருக்கும். 'பார்த்தோம், இல்லை' என்பதும் 'பார்க்கவே இல்லை' என்பதும் வேறு வேறு. இதைப் படிவத்திலேயே இரண்டு குறிகளாகப் பிரித்திருக்கிறேன்.

அளவுகோலைப் பாருங்கள். கப்பலின் பக்கவாட்டில் 300 மீட்டர் அகலப் பட்டைக்குள் இருக்கும் பறவைகளையே அடர்த்திக் கணக்கில் சேர்க்கிறோம். அந்த 300 மீட்டரைக் கடலில் எப்படிக் காண்பது? ஒரு குச்சியைக் கைநீட்டிப் பிடித்து, அதன் மேல்நுனியை அடிவானத்தில் பொருத்தி, குச்சியில் கீழே போட்டிருக்கும் கோட்டைப் பார்க்கிறோம். அந்தக் கோடு நீரில் படும் இடம்தான் 300 மீட்டர் எல்லை. கண்ணிலிருந்து குச்சி 70 செ.மீ. தள்ளி, கண் நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் மேலே என்றால், கோடு சுமார் 4.6 செ.மீ. கீழே விழும். அடுத்த வாரம் வேறு கப்பல், கண் 12 மீட்டர் உயரம்தான் என்றால் அதே கோடு 2.7 செ.மீ.யில் வரும். பழைய குச்சியோடு போனால் பட்டையின் அகலமே தப்பாகிவிடும். கப்பல் மாறும்போதெல்லாம், ஏன், தளம் மாறினாலே புதுக்கோடு போடவேண்டும். இரவல் என்ற சொல் இதையும் நினைவூட்டும்.

> இரவல் என்றால் இரத்தல், பிச்சை. அறிவியலுக்கு இது இழிவாக இல்லையா?

வேர் அதுதான், மறுக்கவில்லை. ஆனால் வழக்கில் இரவல் என்பது கேட்டு வாங்கிப் பயன்படுத்தித் திருப்பித் தருவது. இரவல் புத்தகம் வாங்கியவரை யாரும் பிச்சைக்காரர் என்பதில்லை. 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியாதே' என்ற பழமொழியும் இழிவைச் சொல்லவில்லை, எல்லையைச் சொல்கிறது. அந்த எல்லைதான் நமக்கு வேண்டும்.

அதற்காக இரவலைக் குறைத்தும் சொல்லமாட்டேன். சரக்குக் கப்பல்களின் பின்னால் கட்டி இழுக்கும் மிதவைநுண்ணுயிர்ப் பதிவுக்கருவி (கன்டினியூவஸ் பிளாங்க்டன் ரெக்கார்டர்) 1931-லிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுத் தொடர்ச்சி சொந்தக் கப்பலால் கட்டுப்படியாகுமா? இத்தாலியின் பெருநிலத்திலிருந்து சர்தீனியாத் தீவுக்குப் போகும் ஃபெர்ரியில் 1989 முதல் 1992 வரை திமிங்கிலம் பார்த்தார்கள். 2007-இல் அதே தடத்தில் மறுபடி தொடங்கினார்கள். தடம் மாறாதது என்ற அதே குறைதான் அங்கே ஒப்பிடுவதற்கு வலிமையாயிற்று.

கலமா, தளமா என்ற கேள்வி நியாயமானது. எண்ணெய்க் கிணற்று மேடையில் நின்றும் எண்ணுகிறார்கள், அது கலம் ஆகாது. ஆனால் 'இரவல் + தளம்' சேர்ந்தால் இரவற்றளம். காதில் 'இரவு அற்ற' என்று விழுகிறது. ஆகவே பொதுவுக்கு 'இரவல் நோக்கிடம்', கப்பலுக்கு 'இரவற்கலம்'. அதிலிருந்து 'இரவற்கலக் கணக்கெடுப்பு' என்றும் தடையில்லாமல் நீளும்.

'ஸ்னாப்ஷாட்' பற்றி ஒரு வரி. பறந்துபோகும் பறவைகளை ஓயாமல் எண்ணினால் தொகை ஊதிப்போகும், ஏனென்றால் அவை பட்டைக்குள் வந்துகொண்டே இருக்கும். அதனால் கப்பல் 300 மீட்டர் நகர ஆகும் நேரத்துக்கு ஒருமுறை, 10 நாட் வேகத்தில் நிமிடத்துக்கு ஒருமுறை, அந்தக் கணத்தில் பட்டைக்குள் பறப்பதை மட்டும் எண்ணுகிறோம். 'கணப்பதிவு' என்று போட்டிருக்கிறேன். 'கணக்கு' என்ற சொல்லோடு குழம்புமோ என்ற ஐயம் எனக்கே இருக்கிறது. வேறு இருந்தால் சொல்லுங்கள்.

அடுத்த பயணத்துக்கு முன் படிவம் அச்சுக்குப் போகவேண்டும். 'நோக்கிடத்தின் வகை' என்ற கட்டத்தில் இப்போதைக்கு 'இரவற்கலம்' என்று தட்டச்சிட்டிருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் தயவுசெய்து மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள். படிவத்தின் அந்த ஒரு வரியில் வைத்து வாசித்துப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்