கிட்டாருக்கு எலும்பு சேடிலா, பித்தளைப் பின்னா? எதை முதலில் மாத்தணும்?

கேள்வி:
பிளாஸ்டிக் சேடிலோட (பிரிட்ஜ் மேல தந்திகளைத் தாங்குற பட்டை) வந்த அக்கூஸ்டிக் கிட்டார், ஒலி மந்தமா இருக்கு. 12வது ஃப்ரெட்ல (கழுத்துல குறுக்கே பதிச்ச கம்பி) தடிச்ச ஈ தந்தி 3 மி.மீ. உயரம். எலும்பு சேடில், பித்தளைப் பின் (தந்தி முனையை பிரிட்ஜ் ஓட்டையில பிடிக்கிற முளை) ரெண்டும் போட்டுடலாமா?

பதில் 1:
முதல்ல புதுத் தந்தி போடுங்க. பாதி மந்தம் அதிலேயே போயிடும். அப்புறம் சேடில் மட்டும். ரெண்டையும் ஒரே நாள்ல மாத்தினா எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. உயரத்தை 2.5 மி.மீ.க்கு இறக்க, சேடில் அடியில 1 மி.மீ. தேய்க்கணும், 12வது ஃப்ரெட் தந்தியோட நடுப்புள்ளி, அதனால இரட்டிப்பு. உப்புத்தாளைக் கண்ணாடி மேல ஒட்டித் தேய்ங்க, முகமூடி அவசியம். எலும்புத் தூள் நாத்தம் வேற!

பதில் 2:
எலும்பை விடப் பொருத்தம்தான் முக்கியம். பள்ளத்துல சேடில் ஆடினாலோ முன்பக்கம் சாய்ஞ்சாலோ ஒலி அமுங்கும். அடியில பியெசோ பிக்கப் (அதிர்வை ஆம்ப்புக்கு அனுப்புற பட்டை) இருந்தா இன்னும் கவனம்: அடிப்பாகம் சமமா இல்லன்னா ஒரு தந்தி மட்டும் ஆம்ப்ல சன்னமாக் கேக்கும்.

பதில் 3:
பித்தளை பிளாஸ்டிக்கை விட ஏறக்குறைய ஏழு மடங்கு கனம். பிரிட்ஜ்ல அந்த எடை ஏறினா ஒலி நீளலாம், ஆனா சின்ன கிட்டார்ல துடிப்பு குறையும். பின்னைக் குத்தினதும் தந்தியை மேல இழுத்துப் பாருங்க. தந்தி முனையில இருக்கிற குண்டு, பின் நுனியில நிக்காம பிரிட்ஜுக்கு அடியில உள்ள பலகையில உக்காரணும்.

கேட்டவர்:
நட் (கழுத்து முனையில தந்திகளைத் தாங்குற பட்டை) மாத்தணுமா?

பதில் 2:
அது திறந்த தந்திக்கு மட்டும்தான். விரல் வெச்சா ஃப்ரெட்தான் பேசும். இப்போ விட்டுடுங்க.