விறகு பிளக்கும் மெஷின்: மூன்று மாதத்துக்குப் பிறகு ஒரு புதுப்பிப்பு

கோத்தகிரி வீட்டுக்கு விறகு பிளக்க பெட்ரோல் மெஷினா, கரண்ட் மெஷினா என்று முன்பு கேட்டிருந்தேன். கடைசியில் 7 டன் அழுத்தம் தரும் கரண்ட் மெஷினையே வாங்கினேன். 52 செ.மீ. நீளக் கட்டை வரை ஏறும். எங்கள் அடுப்புக்கு அதுவே அதிகம்.

சீகைக் (வாட்டில் மரம்) கட்டை பிஸ்கட் மாதிரி பிளக்கிறது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்)தான் சோதித்துவிட்டது. நார் முறுக்கிக்கொண்டு ஓடும், காய்ந்துவிட்டால் இரும்பு. இப்போது வெட்டிய வாரமே பச்சையாகப் பிளந்து, அப்புறம்தான் காயப் போடுகிறேன். கணு உள்ள கட்டை நடுவில் நின்றால் லீவரை 5 நொடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காதீர்கள், மெஷினுக்குள் அழுத்தம் தரும் ஆயில் சூடேறும். கட்டையைத் திருப்பி வைத்தால் பாதி தடவை பிளந்துவிடும்.

ஒரு முட்டாள்தனமும் செய்தேன். வேலை தொடங்குமுன், ஆயில் தொட்டியில் காற்று போய்வர இருக்கும் ஸ்க்ரூவை ஓரிரு சுற்று தளர்த்த வேண்டும். மறந்தேன். சீல் பிய்ந்து வாசலெல்லாம் ஆயில். மனைவி இன்னும் அந்தக் கறையைக் காட்டுகிறார்.

மாலையில் வோல்டேஜ் இறங்கினால் மோட்டார் முனகும், ஓடாது. மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை மாற்றி 2.5 சதுர மி.மீ. போட்டதும் கொஞ்சம் தேவலை.

பெட்ரோல் மெஷின் வாங்கச் சொன்ன அண்ணனுக்கு: கரண்ட் எட்டாத தோட்டத்துக்கு நடுவே பிளப்பதென்றால் நீங்கள் சொன்னதுதான் சரி.