மகளோடு ஓரிக்ஸ் வேட்டைக்குப் போனேன், நமீபியாவில்

பிள்ளைகளை ஆப்பிரிக்காவில் வேட்டைக்கு அழைத்துப் போனவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் போயிருக்கிறேன். கொம்போடு நின்று எடுத்த படம் எதுவும் என்னிடம் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

நமீபியாவில் சுவாகோப்முண்ட் பக்கம் யுரேனியச் சுரங்கத்தில் வேலை பார்க்கிறேன். மகளுக்கு அப்போது 15 வயது. அவளுடைய வகுப்புத் தோழியின் குடும்பத்துக்கு ஒமாருரு பக்கம் பண்ணை. பண்ணை என்றதும் நம்மூர்த் தோட்டத்தை நினைத்துவிடாதீர்கள். ஒரு வேலியிலிருந்து எதிர் வேலிக்கு வண்டியில் போகவே நேரமாகும். மாடு மேயும் அதே நிலத்தில்தான் ஓரிக்ஸ், கூடு என்ற இரண்டு பெரிய மான் வகைகளும் மேயும். ஒரு காலத்தில் அவை மாட்டின் புல்லைத் தின்னும் தொல்லை. 1975-ல் வந்த சட்டம், ஒழுங்காக வேலி போட்ட பண்ணையில் திரியும் இவற்றைப் பண்ணைக்காரருக்கே உரிமையாக்கியது. அதற்கப்புறம்தான் பலர் இவற்றைக் காப்பாற்றி வளர்த்தார்கள் என்று தோழியின் அப்பா சொன்னார். ஜெர்மன் வம்சாவளிக்காரர், உரிமம் பெற்ற வேட்டை வழிகாட்டி. ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுக்க இப்படிப்பட்ட வழிகாட்டிகளை பி.எச். (புரொஃபஷனல் ஹன்டர்) என்றே அழைக்கிறார்கள்.

போனது ஜூலையில், அங்கே நல்ல குளிர்காலம். முதல் நாள் மாலை எங்களைக் காட்டுக்குள் விடவே இல்லை. 100 மீட்டரில் அட்டையை நிறுத்தி இரண்டு பேரையும் சுடச் சொன்னார். பிறகு ஓரிக்ஸ் படம் ஒன்றை எடுத்து வைத்துப் பாடம். மற்ற மான்களுக்கு நாம் குறி வைக்கிற உயரத்தில் ஓரிக்ஸுக்குக் குறி வைக்கக் கூடாது, இதயம் இன்னும் கீழே இருக்கிறது. முன்னங்கால் கோட்டைப் பிடித்து மேலே வந்து, உடம்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு வந்ததும் நிறுத்து. மகள் இதை மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் காட்டினாள். எனக்கு ஒரு தடவை கேட்டதே போதும் என்று இருந்தது.

மறுநாள் விடியுமுன் பக்கியில் கிளம்பினோம் (அங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்). எங்களோடு தடம் பார்க்கிறவர் ஒருவர், தமாரா இனத்துப் பெரியவர். நாக்கைச் சொடுக்கிப் பேசும் மொழி அவருடையது. எல்லாரும் அவரை ஊபா என்றார்கள், அஃப்ரிகான்ஸில் தாத்தா. மகளும் முதல் நாளே அப்படிக் கூப்பிடத் தொடங்கிவிட்டாள். வண்டியை விட்டு இறங்கியதும் ஊபா ஒரு பழைய காலுறையை உதறினார். உள்ளே அடுப்புச் சாம்பல். அது பறக்கிற திசையைப் பார்த்துத்தான் நடை. இரண்டு முறை நெருங்கினோம். இரண்டு முறையும் சாம்பல் நிறப் பறவை ஒன்று மரத்து உச்சியில் உட்கார்ந்து "க்வே, க்வே" என்று கத்திக் காட்டிக் கொடுத்துவிட்டது. அதன் ஆங்கிலப் பெயருக்கே 'போய்விடு பறவை' என்றுதான் அர்த்தம்.

மூன்றாவது முறை ஒன்பது ஓரிக்ஸ் கொண்ட கூட்டம். கன்று ஈனும் வயதைக் கடந்த ஒரு பெட்டையை பி.எச். காட்டினார். ஓரிக்ஸில் பெட்டைக்கும் கொம்பு உண்டு, ஆணுடையதைவிட மெல்லியதாக, நீளமாக இருக்கும். சுமார் 140 மீட்டர். மூன்று கால் குச்சியை விரித்துத் துப்பாக்கியை அதில் வைத்தேன். அது சற்றுத் திரும்பி நின்றது, பின்பக்கம் எங்களை நோக்கி. "பொறுங்கள், பக்கவாட்டில் திரும்பட்டும்" என்று அவர் காதருகே சொன்னார். காதில் விழுந்தது. ஆனால் விரல் அதற்குள் அழுத்திவிட்டது.

இந்த இடத்தைத்தான் நான் ஒளிக்காமல் எழுத வேண்டும். தவறு துப்பாக்கியிலும் இல்லை, காற்றிலும் இல்லை. என்னால் இரண்டு நொடி பொறுக்க முடியவில்லை.

குண்டு பட்ட சத்தம் தூரத்தில் தொப்பென்று கேட்டது. கூட்டம் ஓடியது, அதுவும் கூடவே ஓடியது. அது நின்ற இடத்துக்குப் போனோம். ஊபா ஒரு புல்லிலிருந்து ரத்தத்தை விரலில் எடுத்துத் தேய்த்து முகர்ந்தார். நுரையீரலில் பட்டிருந்தால் இளஞ்சிவப்பாக நுரை இருக்கும். ஈரலில் பட்டால் கறுத்திருக்கும். குடலில் பட்டால் மென்ற புல்லும் நாற்றமும் சேர்ந்து வரும். இது கறுப்பு, கூடவே புல் துணுக்குகள். அவர் விரலை என்னிடம் நீட்டவில்லை, என் மகளிடம் நீட்டினார்.

உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் பயத்தில் கிலோமீட்டர் கணக்கில் ஓடிவிடும், விட்டுவைத்தால் எங்கேயாவது படுக்கும். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மகள் கேட்டாள், "அப்பா, அதுக்கு இப்ப வலிக்குமா?"

"வலிக்கும்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அதற்கப்புறம் நான்கு மணி நேரம். கடைசியாக ரத்தம் தெரிந்த இடத்தில் ஒரு துண்டு டாய்லெட் பேப்பரை முள்ளில் குத்திவிட்டுப் போக வேண்டும். தடம் தவறினால் அந்த வெள்ளைக்குத் திரும்பி வந்து மறுபடி தொடங்கலாம். அந்த வேலையை ஊபா மகளிடம் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் ரத்தம் நின்றுவிட்டது. பிறகு வெறும் குளம்பு அடையாளம்தான். ஒன்பது விலங்குகள் மிதித்துப் போன மணலில் இதுதான் அது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? பின்னங்கால் ஒன்றின் நுனி மணலில் லேசாக இழுபட்டிருந்தது. அதை அவர் குச்சியால் தொட்டுக் காட்டினார். அடுத்த அரை மணியில் மகள் அவருக்கு முன்பாகவே அந்தக் கீறலைக் கண்டுபிடிக்க ஆரம்பித்துவிட்டாள். ஓரிடத்தில் தடம் கூட்டத்தை விட்டு விலகித் தனியாகப் போனது. "இனி தூரம் இல்லை" என்றார் ஊபா.

கொக்கி முள் புதர் ஒன்றுக்குள் பின்பக்கத்தைக் கொடுத்து, தலையைத் தாழ்த்திக் கொம்பை எங்கள் பக்கம் நீட்டி நின்றது. சிங்கத்தையே குத்திக் கொன்றுவிடக்கூடிய கொம்பு அது. பி.எச். மகளைத் தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்களா, நானா?" கை நடுங்கியது, ஆனாலும் நான்தான் முடிக்க வேண்டும் என்று பட்டது. நாற்பது மீட்டர். இந்த முறை அவர் சொல்லும்வரை காத்திருந்தேன்.

பிறகு அவர் பக்கத்து மரத்தில் மூன்று கிளைத் துணுக்குகளை ஒடித்தார். ஒன்றை மகளிடம் கொடுத்து அதன் வாயில் வைக்கச் சொன்னார். ஜெர்மன் வேட்டைக்காரர்களின் வழக்கம். 'லெட்ஸ்டர் பிஸ்ஸன்' என்பார்கள், கடைசிக் கவளம். மகள் மண்டியிட்டு வைத்தாள். "ஆச்சிக்கு அரிசி போட்ட மாதிரி" என்றாள் தமிழில், எனக்கு மட்டும் கேட்கும்படி. இரண்டு வருடம் முன்பு பாளையங்கோட்டையில் என் அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டவள் அவள். இன்னொரு துணுக்கைக் காயத்தில் தொட்டு என் தொப்பிக்குக் கொடுத்தார். தடம் பார்த்தவருக்கும் அதில் பங்கு உண்டு என்றதும் முழுவதையும் ஊபாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் பாதியை ஒடித்து மகளிடம் தந்தார்.

பிள்ளையோடு போகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான். குறி தவறினால் அந்த நாலு மணி நேரம் பிள்ளையும் கூட இருக்கும். போவதற்கு முன்பே அதைப் பற்றிப் பேசி வையுங்கள். நான் பேசவில்லை.

*

சென்னையிலிருந்து ஒருவர்:

முழுவதும் படித்தேன். நேர்மையாக எழுதியிருக்கிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. 2015-ல் ஜிம்பாப்வேயில் ஹ்வாங்கே காட்டுக்கு வெளியே செசில் என்ற சிங்கத்தைக் கொன்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் கழுத்துப் பட்டை மாட்டிக் கவனித்து வந்த சிங்கம் அது. அம்பு பட்டும் உடனே சாகவில்லை. நம் நாட்டில் 1972-ல் சட்டம் போட்டு, 1991-ல் அதை இன்னும் இறுக்கி வேட்டையை நிறுத்தினோம். ஒரு 15 வயதுப் பெண் இதைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமா? கோபமாகக் கேட்கவில்லை, எனக்கும் அதே வயதில் மகள் இருக்கிறாள்.

*

டர்பனிலிருந்து ஒருவர்:

நான் திருநெல்வேலிக்காரி, டர்பனில் வாழ்க்கைப்பட்டவள். என் வீட்டுக்காரருடைய முன்னோர் 1860-க்குப் பிறகு கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். வருடா வருடம் ஜூலையில் மாமாவும் என் வீட்டுக்காரரும் ஸுலுலாந்துக்கு இம்பாலா மான் வேட்டைக்குப் போவார்கள். போன தடவை 12 வயது மகனையும் கூட்டிப் போனார்கள், நானும் போனேன்.

இம்பாலாவின் தடத்தைப் பார்த்துக்கொண்டே புதரைச் சுற்றித் திரும்பினால், முப்பது அடியில் வெள்ளைக் காண்டாமிருகம், கன்றோடு. ஒன்றரை டன்னுக்கு மேல் உடம்பு. அந்தப் பக்கத்து இம்ஃபலோசி காப்பகம்தான், தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் கிட்டத்தட்ட அழிந்தபோது கடைசியாக மிஞ்சியிருந்த இடம். அதற்குக் கண் மங்கல், காதும் மூக்கும்தான் கூர்மை. வழிகாட்டி துப்பாக்கியைத் தோளிலிருந்து எடுக்கக்கூட இல்லை. உள்ளங்கையைக் கீழே காட்டினார், அசையாதே என்று. மாமா பேரனை ஒரு மரத்தின் பின்னால் இழுத்து, தன் உடம்பால் மறைத்து நின்றார். அது காதை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தது. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அப்புறம் பெருமூச்சு விட்டுக் கன்றோடு நடந்து போய்விட்டது. மகன் இன்றுவரை அந்த இம்பாலாவைப் பற்றிப் பேசியதில்லை, "தாத்தா என்னை மறைச்சாரு" என்பதைத்தான் சொல்கிறான்.

இம்பாலா கறியில் கொழுப்பே இருக்காது. விறகடுப்பில் எண்ணெய் தாராளமாக விட்டு, டர்பன் மசாலா போட்டு நிதானமாக வேக வைக்க வேண்டும். புரட்டாசி பிறந்தால் இங்கே வீடுகளில் கறி கிடையாது, அதற்குள் தீர்ந்துவிடும்.

அண்ணா, உங்கள் மகள் அந்தப் பயணத்தில் அப்புறம் சுட்டாளா?

*

மறுபடியும் நான்:

சென்னை நண்பருக்கு: உங்கள் கேள்வி நியாயம். நான் சிங்கத்தையோ யானையையோ சுட மாட்டேன், சுட ஆசையும் இல்லை. கென்யா 1977-ல் வேட்டையைத் தடை செய்தது, இன்றும் தடைதான். போட்ஸ்வானா 2014-ல் நிறுத்தி 2019-ல் மறுபடி திறந்தது. நமீபியாவில் 1996-க்குப் பிறகு கிராமத்து மக்களே தங்கள் நிலத்து விலங்குகளைப் பராமரிக்கும் கன்சர்வன்சிகள் வந்தன. இப்போது 80-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு வேட்டைப் பணமும் இறைச்சியும் முக்கியமான வரவு. ஆப்பிரிக்க நாடுகளே இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. நான் சுட்ட ஓரிக்ஸின் குடலும் ஈரலும் அன்று மாலையே பண்ணையில் வேலை செய்யும் குடும்பங்களுக்குப் போனது. மீதியில் பில்டாங் போட்டார்கள், நம்மூர் உப்புக்கண்டம் மாதிரி உலர்த்திய கறி. வினிகர், உப்பு, மிளகு, அப்புறம் வறுத்து இடித்த கொத்தமல்லி விதை. அந்தக் கொட்டகைக்குள் நம் வீட்டு அடுப்படி வாசம்தான். இதெல்லாம் உங்கள் கேள்விக்குப் பதில் ஆகாது என்று தெரியும். மகள் பார்த்துத்தான் ஆக வேண்டுமா என்றால், இல்லை, பார்க்காமலும் வளரலாம். ஆனால் அவள் தட்டில் கறி இருக்கிறவரை, அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரிந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. என் அவசரத்தில்தான் வருத்தம்.

போகப் போகிறவர்களுக்கு இன்னொன்று. காயப்படுத்திவிட்டு விலங்கு கிடைக்காமல் போனாலும் அதற்குப் பணம் கட்ட வேண்டும், அநேகமாக எல்லா இடத்திலும் இதுதான் விதி. தடம் தேட எவ்வளவு நேரம் கொடுப்பார்கள், நாய் வைத்திருக்கிறார்களா என்று முன்பே கேளுங்கள். பிள்ளைக்குத் தனியாகக் காது மூடியும் பைனாகுலரும் எடுத்துப் போங்கள்.

தங்கச்சி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் துப்பாக்கி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊபாவோடு நாள் முழுக்கத் தடம் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளாகவே கேட்டாள். சாயங்காலம், வறண்ட ஆற்றின் கரையில் ஒரு கூடு மான், ஆண், கொம்பு இன்னும் முழுச் சுருள் வராதது. கறிக்கு இதை எடுக்கலாம் என்றார் பி.எச். மகள் குச்சியில் துப்பாக்கியை வைத்தாள். அந்த மான் அன்றைய ஓரிக்ஸைப் போலவே பின்பக்கம் திரும்பி நின்றது. அவள் காத்திருந்தாள். நான் பின்னால் நின்று அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது விசைக்கு வெளியே நீட்டியபடி இருந்தது. ஆறு நிமிடம் இருக்கும். அது இலை கடித்தது, காதை ஆட்டியது, அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டே புதருக்குள் போய்விட்டது. திரும்பவே இல்லை. பூட்டை அவளே போட்டாள், குண்டை எடுத்து பி.எச். கையில் கொடுத்தாள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கை குலுக்கினார்.

அடுத்த ஜூலைக்கு அதே பண்ணையில் சொல்லி வைத்திருக்கிறோம். துப்பாக்கி எனக்கு மட்டும் போதும், தனக்கு ஊபாவோடு இரண்டு நாள் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள்.