தீயிசம், டீயிசம்: என்ன வித்தியாசம்?

கேள்வி: கடவுள் உண்டு என்றாலே தீயிசம்தானா? டீயிசம், பாந்தீயிசம் எல்லாம் எங்கே பிரிகின்றன?

பதில் 1: இரண்டு கேள்வி போதும். கடவுள் உலகத்திலிருந்து வேறானவரா? படைத்த பிறகும் தலையிடுகிறாரா? இரண்டுக்கும் ஆம் என்றால் தீயிசம். வேண்டுதலுக்கு அர்த்தம் இருப்பது இங்கேதான். வேறானவர், ஆனால் தலையிடுவதில்லை என்றால் டீயிசம். உலகமே கடவுள் என்றால் பாந்தீயிசம்.

பதில் 2: தீயிசத்தை ‘ஆத்திகம்’ என்று மொழிபெயர்ப்பதில்தான் சிக்கலே. பழைய இந்தியத் தத்துவ வகைப்பாட்டில் ஆத்திகம் என்றால் வேதத்தைப் பிரமாணமாக ஏற்பது. அதனால்தான் படைப்புக் கடவுள் தேவைப்படாத சாங்கியம், மீமாம்சை என்ற தத்துவ மரபுகளும்கூட ஆத்திகப் பட்டியலில் வருகின்றன. இது தெரியாமல் விவாதித்தால் ஆளுக்கொரு பொருளில் பேசிக்கொண்டிருப்போம்.

பதில் 3: ‘கடவுள் உண்டா என்று அறிய முடியாது’ என்னும் அக்னாஸ்டிக்கை, கடவுள் நம்பிக்கைக்கும் மறுப்புக்கும் நடுவில் வைக்காதீர்கள். 1869-இல் ஆங்கில உயிரியலாளர் ஹக்ஸ்லி உருவாக்கிய அந்தச் சொல் அறிவைப் பற்றியது. ‘அறிய முடியாது, ஆனாலும் நம்புகிறேன்’ என்பவரும் அதில் அடக்கம்.