நிகிள் (niggle) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும், ஞாயிற்றுக்கிழமைக்குள்

ஒஸ்லோ, திங்கள் இரவு

கலைச்சொல் மின்னஞ்சல் குழுவினருக்கு வணக்கம். கன நாளாக எழுதவில்லை. இப்போதும் தேவைக்குத்தான் வருகிறேன், மன்னிக்கவும்.

மகளுக்குப் பதினைந்து வயது. இங்கே ஓரியன்டேரிங் ஓடுகிறாள். தெரியாதவர்களுக்கு: கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் எங்கெங்கே போக வேண்டும் என்று படத்தில் ஊதா வட்டங்கள் போட்டிருக்கும். அவற்றை வரிசை மாறாமல் தேடிப் போக வேண்டும். ஒவ்வொன்றிலும் செம்மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சின்னத் துணிக்கூடு தொங்கும். எந்த வழியால் போவது என்பது ஓடுகிறவர் பாடு. நோர்வேயில் பள்ளிக்கூடத்திலேயே பழக்குகிறார்கள், எங்கள் பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள்.

கழகத்தில் பிள்ளைகள் பயிற்சி நாட்குறிப்பு எழுத வேண்டுமாம், வாரக் கடைசியில் பெற்றோர் கையெழுத்து வைக்க வேண்டுமாம். நோர்வேஜிய மொழியில் ஒரு படிவம், வெளிநாட்டுக் குடும்பங்களுக்கு ஆங்கிலத்தில் ஒரு படிவம். தமிழ்ப் படிவம் என் தலையில். நாள், தூரம், நேரம், எத்தனை மணி நித்திரை, எல்லாம் எழுதிவிட்டேன். ஆங்கிலப் படிவத்தின் கடைசிப் பெட்டியில் ‘நிகிள்ஸ்’ என்று இருக்கிறது. அங்கேதான் நிற்கிறேன்.

பயிற்சியாளரிடம் கேட்டேன். காயம் இல்லை, ஓடவும் முடியும், ஆனால் ஏதோ ஒன்று இருக்கிறது, அதுதான் என்றார். ‘வலி’ என்று போட்டால் பிள்ளைகள் எல்லாரும் ‘இல்லை’ என்று எழுதிவிடுவார்களாம். திங்கட்கிழமை பெற்றோர் கூட்டம். ஞாயிறு இரவு அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

மதுரை, செவ்வாய் காலை

அம்மா, நல்ல கேள்வி. விடை தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. உரியியலில் ‘பையுளும் சிறுமையும் நோயின் பொருள’ என்று ஒரு நூற்பா. சிறுமை என்றாலே நோய் என்று ஒரு காலத்தில் பொருள் இருந்திருக்கிறது! சிறிய நோய்க்கு இதைவிடப் பொருத்தமாக யார் சொல்லிவிட முடியும்? ஆனால் இன்று ‘சிறுமைப்படுத்தினான்’ என்று இழிவுப் பொருளுக்குப் போய்விட்டது. ஆகவே அதை விடுவோம். பையுள் இன்னும் யார் கையும் படாமல் கிடக்கிறது. எங்கள் பக்கத்தில் ‘பையப் போ’ என்றால் மெல்லப் போ என்று அர்த்தம். பைய வருவது, உள்ளே இருப்பது: பைய, உள். இந்தப் பிரிப்பு என் ஊகம், அகராதிக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். இருந்தாலும் நீங்கள் சொல்லும் பொருளுக்கு அச்சாகப் பொருந்துகிறதா இல்லையா?

இன்னொன்று. ஓரியன்டேரிங் என்று ஏன் எழுதுகிறீர்கள்? ஓரியன்ட் என்றால் கிழக்கு, ஞாயிறு எழும் திசை. நம்மிடம் குணக்கு என்ற சொல் இருக்கிறது. குணக்கு, ஓட்டம்: குணக்கோட்டம். குற்றியலுகரப் புணர்ச்சி, ஒரு குறையும் கிடையாது.

சென்னை, செவ்வாய்

ஐயா, குறை இருக்கிறது. குணக்கோட்டத்தைக் குணம், கோட்டம் என்று பிரித்தால் குணத்தில் கோணல் என்று வரும். பெற்ற பிள்ளையைக் குணக்கோட்டத்துக்கு அனுப்ப எந்த அம்மா கையெழுத்துப் போடுவார்?

பையுளும் அப்படித்தான். பெட்டியைப் பார்த்ததும் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள் என நினைத்து, தண்ணீர் பாட்டில், வாழைப்பழம் என்று எழுதி வைப்பார்கள். நான் மென்பொருள் தமிழாக்கத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். பயனர் ஒரு சொல்லைப் பார்த்து இரண்டு நொடி யோசித்தால் அந்தச் சொல் தோற்றது. நிகிள் என்றே போடுங்கள். ஹாம்ஸ்ட்ரிங்கை, அதாவது தொடையின் பின்தசையை, அந்தப் பெயரிலேயே தெரிந்த பையன் நிகிளையும் தெரிந்துகொள்வான்.

கோவை, செவ்வாய் இரவு

அக்கா, நான் பிசியோதெரபிஸ்ட், ஞாயிறு காலையில் ஓடுகிறவனும்கூட. இது பற்றிப் பேச எனக்கு இரட்டை உரிமை.

முதலில் பொருளைச் சரியாகப் பிடிப்போம். ஓட ஆரம்பித்துப் பத்து நிமிஷத்தில் உடம்பு சூடானதும் குறைகிறதா? நடையோ ஓட்டமோ கோணாமல் இருக்கிறதா? பத்துக்கு எத்தனை என்று கேட்டால் இரண்டு, மூன்று என்கிறாரா? மறுநாள் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது நேற்றைவிட மோசமாக இல்லையா? நான்குக்கும் ஆமாம் என்றால் அது நிகிள். நொண்டினால் அதன் பெயர் வேறு.

இனி சொல். கிளினிக்குக்கு வருகிறவர்கள் சொல்வதை இன்று உட்கார்ந்து நினைவுபடுத்திப் பார்த்தேன். ‘பிடிச்சிருக்குங்க’, ‘சுருக்குங்குது’, ‘குடையுது’, ‘கடுக்குது’, ‘இழுக்குது’, ‘மரத்துப்போகுது’. எல்லாமே வினை! ‘எனக்கு ஒரு குடைச்சல் உள்ளது’ என்று யாரும் வந்ததில்லை. பெட்டிக்குப் பெயர்ச்சொல் தேடுவதாலேயே நாம் மாட்டிக்கொள்கிறோமோ என்று தோன்றுகிறது. பெயர்தான் வேண்டும் என்றால் என் ஓட்டு குடைச்சலுக்கு. நிகிளுக்கு ஆங்கிலத்தில் விடாமல் நச்சரிப்பது என்றும் பொருள் உண்டு. நாமும் ‘குடைச்சல் கொடுக்கிறான்’ என்கிறோம். இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வருகிறது.

பேர்ண், புதன்

வணக்கம். சுவிசில் இருந்து நானும் ஒரு ஓரியன்டேரிங் தகப்பன். மகன் ஓடுகிறான், நான் காருக்குள் இருந்து தேத்தண்ணி குடிக்கிறேன்.

நிகிள் என்றதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த விளையாட்டில் உலகம் கண்ட பெரிய வீராங்கனை எங்கள் சுவிஸ்காரி, பெயர் சிமோன் நிக்லி! உலகச் சாம்பியன் போட்டிகளில் 23 தங்கம். 2003இல் இங்கே ராப்பர்ஸ்வில்லில் நடந்தபோது பெண்களுக்கான நாலு தங்கத்தையும் வாரினா. நிக்லிக்கு நிகிள் வந்திருந்தால் வர்ணனையாளர் என்ன பாடுபட்டிருப்பார்?

குடைச்சல் என்று கோவைத் தம்பி சொல்கிறார். எங்கள் ஊரில் குடைச்சல் என்றால் கிழவர்களுக்கு இரவில் எலும்புக்குள் வருவது, பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பொருந்தாது. நாங்கள் சொல்வது உளைவு. ‘கால் உளையுது’ என்று சின்ன வயதில் சொல்லாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை உண்டோ? பந்தடித்துவிட்டு வந்து படுத்தால் உளையும், அடுத்த நாளும் பந்தடிப்போம்.

மதுரை, புதன்

பேர்ண் நண்பர் தம்மை அறியாமலே ஒரு புதையலைத் தோண்டியிருக்கிறார். உளை என்பதற்குச் சேறு என்றும் பொருள், குதிரையின் பிடரிமயிர் என்றும் பொருள். நோர்வேக் காட்டில் சதுப்பு நிலம் அதிகம் என்று கேள்வி. உளையில் ஓடுவதால் வருவது உளைவு! பிடரிமயிரையும் விட்டுவிட வேண்டாம், குதிரைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

இருந்தாலும் உளைவைக் கலைச்சொல்லாக ஏற்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. தமிழ்நாட்டில் உளைச்சல் என்றால் மன உளைச்சல்தான். நாட்குறிப்பில் ‘உளைவு: இடது கால்’ என்று படித்தால், காலுக்கு என்ன மனக்கவலை என்று கேட்பார்கள். (ஆங்கிலச் சொல்லே ஸ்காண்டிநேவிய மூலம் உடையதாக இருக்கலாம் என்கின்றன அகராதிகள். நோர்வேஜிய வட்டார வழக்கில் ‘நிக்லா’ என்றால் அற்பக் காரியங்களில் மெனக்கெடுவதாம். அதாவது நாம் இப்போது செய்துகொண்டிருப்பது.)

சென்னை, புதன்

ஐயா ஜோக் அடித்தார் என்பதை வரலாற்றுக்காகக் குறித்துக்கொள்கிறேன்.

தூய தமிழ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இருபது வருஷம் கழித்து யாரும் பேசாத சொற்பட்டியல் ஒன்றை விட்டுச் செல்கிறோம் என்பதுதான் என் வருத்தம். எல்லாருக்கும் தெரிந்த ‘காயம்’ என்ற சொல்லே படாதபாடு படுகிறது: புண்ணும் காயம், உடம்பும் காயம், சாம்பாரில் போடுவதும் காயம்.

மதுரை, புதன் இரவு

சாம்பாரில் போடுவது பெருங்காயம்.

ஒஸ்லோ, வியாழன் மதியம்

எல்லாருக்கும் நன்றி. இதற்கிடையில் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

செவ்வாய் அவளுக்கு வேகப் பயிற்சி, நாலு நிமிட ஓட்டம் ஆறு தடவை. புதன் இரவு நெற்றி விளக்குக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் இருட்டு ஓட்டம். அக்டோபரில் இங்கே பின்னேரமே இருட்டிவிடும். வரைபடம் 1:10,000, ஒரு சென்டிமீட்டர் நூறு மீட்டர், விளக்கு வெளிச்சத்துக்கு வெளியே ஒன்றும் தெரியாது. நாலாவது வட்டத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓடிவிட்டாளாம். திரும்பி வரும்போது ஒரு வேரில் கால் பிரண்டது.

இன்று காலை படியில் இறங்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்தாள். நான் கேட்டேன், “வலிக்குதா?” “இல்லை அம்மா.” பயிற்சியாளர் சொன்ன அதே பதில். என் அம்மா தேத்தண்ணிக் கோப்பையோடு இருந்தபடியே, “கால் உளையுதா பிள்ளை?” என்றார். “ஓம் அம்மம்மா, கொஞ்சம். செவ்வாயில இருந்து குதி. கணுக்கால் நேற்று.”

செவ்வாயில் இருந்தாம்! என்னிடம் இரண்டு நாள் மூச்சு விடவில்லை.

கோவை, வியாழன்

அக்கா, சொல்லை அப்புறம் பார்ப்போம். கணுக்காலில் வீக்கம் இருக்கிறதா? எலும்பு முண்டை அழுத்தினால் துள்ளுகிறாளா? அந்தக் காலில் நாலு அடி ஊன்றி நடக்க முடிகிறதா? சந்தேகம் என்றால் அங்கே ஒருவரிடம் நேரில் காட்டுங்கள், மின்னஞ்சலில் கால் பார்க்க முடியாது.

குதிகாலின் பின்னால் காலையில் இறுக்கமாக இருந்து நடந்ததும் விட்டால், அது குதிநாணாக இருக்கலாம். எங்கள் ஊரில் நரம்பு என்பார்கள், நரம்பு அல்ல, தசைநாண். இன்றைக்கு ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள். மேடேறும் ஓட்டமும் வேக ஓட்டமும் சில நாள் வேண்டாம். அது நாட்பட்டுப் போனால் செய்வதற்கு ஆல்ஃபிரெட்சன் என்ற ஸ்வீடன் மருத்துவரின் 1998ஆம் ஆண்டு முறை ஒன்று உண்டு: படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலைப் பைய இறக்க வேண்டும். 15 தடவை, மூன்று சுற்று, நாளுக்கு இரண்டு வேளை, 12 வாரம். இவளுக்கு இப்போது அது தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

மதுரை, வியாழன்

பிள்ளை நலமாக இருக்கட்டும். ‘பைய இறக்க வேண்டும்’ என்று மருத்துவத் தம்பியே எழுதியிருப்பதைக் குழு கவனிக்க வேண்டுகிறேன்.

பேர்ண், வெள்ளி

சகோதரி, கால் எப்படி? இன்னொரு சந்தேகம். அந்தத் துணிக்கூடு தொங்கும் இடத்தை ஆங்கிலத்தில் கன்ட்ரோல் என்கிறார்கள். மகனின் பழைய தமிழ்க் குறிப்பு ஒன்றில் யாரோ ‘கட்டுப்பாடு’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ‘மூன்றாவது கட்டுப்பாட்டை இழந்தேன்’ என்றால் எந்தத் தகப்பன் பயப்படமாட்டான்? நோர்வேயில் போஸ்ட் என்பார்களாம், அது தபால். வேறு இழை தொடங்கட்டோ?

சென்னை, வெள்ளி

தயவுசெய்து தொடங்காதீர்கள். ‘குறியிடம்’ போதும்.

ஒஸ்லோ, ஞாயிறு இரவு

வீக்கம் இல்லை, நடந்தாள். என்றாலும் வெள்ளி ஒருவரிடம் காட்டினோம், பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். வியாழன் சைக்கிள், வெள்ளி ஓய்வு. சனிக்கிழமை மலைக்கோடுகள் மட்டும் உள்ள வரைபடத்தோடு பயிற்சி. பாதை, வேலி, கட்டிடம் எதுவும் அதில் அச்சிட்டிருக்காது, நிலத்தின் மேடு பள்ளத்தைப் பார்த்தே வழி பிடிக்க வேண்டும். கணுக்காலுக்குப் பட்டி ஒட்டிக்கொண்டு பாதி நடை, பாதி ஓட்டம். இன்று தொண்ணூறு நிமிட நீண்ட ஓட்டத்தை ஐம்பதில் நிறுத்தினாள், தானாகவே. பத்துக்கு இரண்டு என்கிறாள். நாளைக் காலை படியில் எப்படி இறங்குகிறாள் என்று பார்க்க வேண்டும்.

படிவத்தை அனுப்பிவிட்டேன். பெட்டியின் தலைப்பு ‘உளைவு’. அதன் கீழே கோவைத் தம்பி சொன்னபடி கேள்வியாக: ‘எங்கே உளைகிறது, குடைகிறது, இழுக்கிறது? ஓடும்போது குறைந்ததா? மறுநாள் காலை எப்படி?’ இங்கே பெற்றோர் அநேகமாக எல்லாரும் ஈழத்தவர் என்பதால் துணிந்தேன். ஓரியன்டேரிங் ஓரியன்டேரிங்காகவே இருக்கிறது. சண்டை பிடிக்கத் தெம்பில்லை.

சென்னை, ஞாயிறு

சரி. கணக்குக்கு: உளைவு 2, குடைச்சல் 1, நிகிள் 1, பையுள் 1. குடைச்சல்காரர் கேள்வி வடிவத்தில் சமாதானமாகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டால் உளைவு 3. அச்சுப்பிழை பார்த்தீர்களா அக்கா? ஐகாரம் விட்டுப்போனால் அது ‘உளவு’. பெற்றோர் பிள்ளைகளை வேவு பார்க்கும் படிவமாகிவிடும்.

மதுரை, ஞாயிறு இரவு

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஒப்பவில்லை. தமிழ்நாட்டில் இதே படிவத்தைக் கொடுத்தால் மனநல மருத்துவரைத் தேடுவார்கள். ஒரு வேண்டுகோள் மட்டும். படிவத்தின் பின்பக்கம் வெறுமையாகத்தானே இருக்கும்? அங்கே சிறிய எழுத்தில் ‘பையுள் என்றும் கூறுப’ என்று ஒரு வரி போடக் கூடாதா?

ஒஸ்லோ, ஞாயிறு இரவு

ஐயா, பின்பக்கம் முழுக்கக் காட்டிலிருந்து வந்ததும் உண்ணி கடித்திருக்கிறதா என்று எங்கெங்கே பார்க்க வேண்டும் என்ற படம். கக்கத்தின் பக்கத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. போடட்டா?