மாணவர்களோடு டெங்கு–வானிலை ஆய்வு: உங்களை இன்னும் உறுத்துகிற ஒரு சம்பவம்?

பேராசிரியை
கணிதத் துறை மாணவன் மழையையும் டெங்கு கேஸ்களையும் வாரவாரியாகக் கிராஃப் போட்டுக் காட்டினான். இரண்டு கோடும் ஒட்டியே ஏறின. நான் பாராட்டிக்கொண்டிருக்கும்போது விலங்கியல் மாணவி எழுந்து, "மேடம், இது காய்ச்சல் ஆரம்பித்த தேதியா, பதிவான தேதியா? மழை பெய்த வாரமே கேஸ் எப்படி ஏறும்? முட்டை பொரிந்து, புழு கொசுவாகி, அதன் உடம்பில் வைரஸ் பெருகவே..." என்றாள். "அப்புறம் பார்க்கலாம்" என்று அடுத்த ஸ்லைடைப் போடச் சொல்லிவிட்டேன். நேரமில்லை, உண்மைதான். ஆனால் அவள் நோட்டை மூடியது கண்ணிலேயே நிற்கிறது. அந்த செமஸ்டரில் அவள் வேறு கேள்வியே கேட்கவில்லை.

புள்ளியியல் மாணவன்
கொசுப்புழுக் கணக்கெடுப்பில் எனக்கு எழுதுகிற வேலை. காய்ந்து கிடந்த பாத்திரத்துக்கெல்லாம் பூஜ்ஜியம் போட்டேன். பூச்சியியல் படிக்கும் அக்கா ஒன்றும் சொல்லாமல் ஒரு காய்ந்த வாளியை லேபுக்குக் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றினார். மறுநாள் உள்ளே புழு நெளிகிறது! டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை வாளியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம். அதுவரை எத்தனை பூஜ்ஜியம் போட்டிருப்பேன்?

கணினி மாடல் எழுதுபவர்
மேடம், நேரம் காரணமே இல்லை. அந்தப் பையன் தனியாகக் கிராஃப் போட்டதுதான் தப்பு. நானும் அப்படித்தான், சூடு ஏற ஏற டெங்கு ஏறும் என்று நேர்கோடு போட்டேன். உயிரியல் தோழி பென்சிலை வாங்கி அதை மலைபோல் வளைத்தாள். ஏடிஸ் எஜிப்டி வழியாக டெங்கு பரவ சுமார் 29 டிகிரி செல்சியஸ் தோது. மலேரியாவுக்கு 25-ஐ ஒட்டி. அதற்கு மேல் போகப் போகக் கொசு சீக்கிரம் செத்துவிடும்.

முதல் மாதம் டேட்டாவைத் தொடவே விடாதீர்கள். அந்தக் கணிதப் பையனும் விலங்கியல் பெண்ணும் ஒரே தாளில் மழை, புழு, முதல் கடி, வைரஸ் கொசுவின் உமிழ்நீருக்கு வருவது, அடுத்த கடி, காய்ச்சல், பதிவு என்று நாள் போட்டு வரையட்டும். எத்தனை வாரம் தள்ளிப் பொருத்துவது என்று அவர்களே சொல்வார்கள். கணிதப் பையனைக் களத்துக்கு அனுப்புங்கள். வானிலை நிலையத் தெர்மாமீட்டர் நிழல்பெட்டிக்குள் இருக்கிறது, கொசு வீட்டு மூலையில் இருக்கிறது என்று அவனே பார்க்கட்டும். அந்தப் பெண்ணுக்குக் கோடிங் கொடுங்கள். வாரம் ஒருமுறை...

பேராசிரியை
அவளைக் கூப்பிட்டுப் பேசப் போகிறேன். புள்ளியியல் தம்பி, அந்தப் பழைய பூஜ்ஜியங்களை என்ன செய்தீர்கள்?

புள்ளியியல் மாணவன்
அழிக்கவில்லை மேடம். பக்கத்தில் 'காய்ந்திருந்ததா' என்று ஒரு கட்டம் சேர்த்தோம். நினைவிருந்தவரை நிரப்பினேன். மீதி காலியாகவே இருக்கிறது.